கியர்பெட்டிக்கும் காய்ச்சல் வரும்



நம் கல்முனைப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போகிறவர்கள் அம்பாறை, மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகச் சென்று ‘பதினெட்டு வளைவு’ ஏறுவது வழக்கம். உம்மாவை வைத்தியத்திற்காக அவ்வழியே கொண்டுபோன ஒரு நாள், ஏற்றத்தின் நடுவில் எங்கள் ஓட்டோ கியர் வேன் உறுமியதே தவிர நகரவில்லை. எரிந்த நாற்றம் வேறு. நோயாளியை வைத்துக்கொண்டு வீதியோரத்தில் காத்து நின்றோம். காரணம் கியர் ஒயில் குறைந்திருந்தது. எஞ்சின் ஒயிலைப் பார்த்த நாங்கள் இதை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஓட்டோ கியரில் கிளச் மிதி இல்லை. எஞ்சினின் சக்தி ஒயில் வழியாகவே சக்கரத்துக்குப் போகிறது. அந்த ஒயில்தான் உராய்வைத் தடுக்கிறது, சூட்டையும் சுமந்து செல்கிறது. நிறைய ஆட்களோடு மெதுவாக மலையேறும்போது அது அளவு மீறிச் சூடாகும். சுமார் 80 பாகை செல்சியசில் நிற்க வேண்டியது 100ஐ வெகுவாகத் தாண்டினால், ஒயிலின் ஆயுள் வேகமாகக் குறையும்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் உழைக்க, வாகனம் நம் பொறுப்பில் இருக்கிற வீடுகள் எத்தனை! சாரதியை அருகில் வைத்துக்கொண்டு இதை நீங்களே பார்க்கலாம். சற்றுத் தூரம் ஓடிச் சூடான வாகனத்தைச் சமதரையில் நிறுத்துங்கள். கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை மிதித்தபடி கியரை எல்லா நிலைக்கும் ஒருமுறை நகர்த்தி, ‘பி’யில் வையுங்கள். பெரும்பாலான வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதே அளவுக்கோலை உருவ வேண்டும். சிலவற்றில் நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கைநூல் சொல்வதே சரி. நூல் பிரியாத துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். முந்தானை விசிறியில் சிக்காமல் கவனம்!

ஒயில் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய மணம் வீசினால் கராஜுக்குக் கொண்டுபோங்கள். பால் கலந்த ரோஸ் நிறமென்றால் றேடியேற்றர் தண்ணீர் கலந்திருக்கிறது. ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். குறைந்திருந்தால், குறிப்பிட்ட இன ஒயிலையே சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கூடினாலும் நுரைத்துக் கெடுதல் செய்யும். ஒழுக்கு எங்கே என்றும் தேடுங்கள். அளவுக்கோலே இல்லாத புதிய வாகனங்களை கராஜில்தான் பார்க்க முடியும்.

அடிக்கடி மலையேறுகிறவர்கள் தனியாக ஒரு ஒயில் குளிரூட்டி பூட்டலாம். றேடியேற்றருக்குள் குளிர்ந்து கியர்பெட்டிக்குத் திரும்பும் ஒயில், முன்னால் காற்றுப்படும் இச்சிறு தட்டின் வழியாகவும் போய் வரும். ஒயிலின் சூட்டைத் தாங்கும் குழாயையே போடச் சொல்லுங்கள். பூட்டிய பின் ஒயில் அளவை மறுபடி பாருங்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த கியர்பெட்டியை இது குணமாக்காது.

பிரயாணத்துக்குச் சோறு கட்டும்போதே இந்த ஐந்து நிமிட வேலையையும் முடித்துவிடுங்கள். எங்கள் உம்மா வீதியோரத்தில் இருந்ததுபோல் உங்கள் உம்மா இருக்க வேண்டாம்.