பழைய மண் தோண்டும் இயந்திரம்: வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகளைப் பல இடங்களிற் சரித்தது. உயிர்கள் பல மாண்டன. ஓடைக்கரை வயல்களை மணலும் கல்லும் மூடின. மரக்கறிப் பாத்திகள் மேல்மண்ணோடு அடித்துச் செல்லப்பட்டன. இவ்வாறு சேதமுற்ற நிலத்தை மீட்டெடுக்க முனையும் கமக்காரர் பலர், மண்வெட்டியால் ஆகாத வேலையை இயந்திரத்தால் முடிக்க விரும்புவது இயல்பே. ஆயின், வாடகை இயந்திரத்துக்குக் காத்திருந்து சலித்தவர்களுக்குப் பாவித்த பெக்கோ இயந்திரமொன்றைச் சொந்தமாக வாங்கிவிடலாம் என்னும் எண்ணமும் எழுகின்றது. சேமிப்பையும் நகையையும் சில வேளை நிலத்தையுமே ஈடுவைத்துச் செய்யும் செலவாதலால் இதனை ஆறுதலாக ஆராய்தல் வேண்டும்.

முடிவை முதலிலேயே கூறுவது நன்று. ஓரிரு ஏக்கர் நிலமுடைய தனிக் கமக்காரர், தம் நிலத்தின் வேலைக்காக மட்டும் பழைய மண் தோண்டும் இயந்திரம் வாங்குதல் பொருத்தமன்று. வாடகைக்கு அமர்த்துவதே அவருக்கு உகந்தது. பல கமக்காரர் ஒன்றுசேர்ந்து, ஆண்டு முழுவதும் வேலை கொடுக்கத்தக்க ஏற்பாட்டுடன், சிறிய இயந்திரமொன்றை வாங்குதல் மட்டுமே ஆலோசிக்கத்தக்கது. இதற்கான காரணங்கள் வருமாறு.

தேவையை மணிக்கணக்கில் அளத்தல்

இயந்திரத்தின் விலையை விசாரிக்குமுன், தமக்கு ஓராண்டில் எத்தனை மணி நேர வேலை உண்டு என்பதைக் கமக்காரர் எழுதிப் பார்த்தல் வேண்டும். படிந்த மணலை அகற்றல், இடிந்த வரம்பை உயர்த்தல், நீர் வழியைத் துப்புரவு செய்தல், கிணறு அல்லது சிறு குளம் தோண்டுதல், பாதை திருத்தல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே குறித்தல் நலம். பெரும்பாலான வேலைகள் ஒருமுறை செய்தால் முடிந்துவிடுபவை என்பது அப்போது புலப்படும். முதலாண்டில் 30 மணி வேலையுள்ள நிலத்துக்கு, அடுத்த ஆண்டில் ஐந்தாறு மணி வேலையும் இராது. வேலை முடிந்தபின்பும் இயந்திரம் நிற்கும். அதன் செலவும் நிற்காது. யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதே அது.

பின்வரும் எண்கள் கணக்கிடும் முறையை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை. சந்தை விலைகள் அல்ல. ஓர் இயந்திரத்தை 60 இலட்சம் ரூபாவுக்கு வாங்கி, ஐந்தாண்டின் பின் 30 இலட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோர்க்கு, ஆண்டுதோறும் 6 இலட்சம் தேய்மானமாகும். சராசரியாக முடங்கிக் கிடக்கும் 45 இலட்சத்துக்கு 12 சதவீத வட்டி 5 இலட்சத்து 40 ஆயிரம். திருத்த வேலை, காப்புறுதி, கொட்டகை ஆகியவற்றுக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். ஆக, இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 15 இலட்சம் செலவுண்டு. வாடகை மணிக்கு 9,000 ரூபா எனவும், சொந்த இயந்திரத்தின் எரிபொருள், எண்ணெய், சாரதி கூலி மணிக்கு 4,000 ரூபா எனவும் கொண்டால், மணிக்கு மிச்சமாவது 5,000 ரூபா. 15 இலட்சத்தை 5,000 ஆல் வகுக்க 300 வரும். அதாவது, ஆண்டுக்கு 300 மணி நேரம் வேலையிருந்தாற்றான் வாங்குதலும் வாடகையும் சமமாகும். அதற்குக் குறையின் நட்டமே. கமக்காரர் தத்தம் ஊரின் விலையையும் கூலியையும் வட்டியையும் இட்டு இக்கணக்கைத் தாமே செய்து பார்த்தல் வேண்டும்.

கடன்பட்டு வாங்குவோர் அண்மைக்கால அனுபவத்தையும் மறத்தலாகாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அவ்வாண்டிலேயே டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நிற்கவும், பின்னர் பங்கீட்டு அளவுக்குள் எரிபொருள் பெறவும் நேர்ந்தது. தவணைப் பணமோ இயந்திரம் ஓடாத மாதத்திலும் கட்டப்பட வேண்டியது. இத்தகைய காலம் மீண்டும் வருமாயின் தாங்கத்தக்க கையிருப்பு உண்டா என்பதைக் கடனிதழில் ஒப்பமிடுமுன் எண்ணுதல் தகும்.

வாடகை இயந்திரம் வேளைக்கு வராதே என்னும் குறை

வாங்க விரும்புவோர் கூறும் வாதங்களுள் வலிமையானது இது. பெரும்போக அறுவடைக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையிலுள்ள சில வாரங்களிலேயே வயலில் இயந்திரத்தை இறக்கலாம். எல்லாருக்கும் அதே வேளையில் தேவைப்படுதலால் வாடகை இயந்திரம் கிடைப்பதரிது. கிடைப்பினும் கூலி மிகும். இக்குறை மெய்யானது. எனினும், அதே காரணத்தால் சொந்த இயந்திரமும் அச்சில வாரங்கள் ஓடி, ஏனைய மாதங்களில் கொட்டகையிற் கிடக்கும் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

இதற்குத் தக்க பரிகாரம் கூட்டு முயற்சியே. ஒரே வயல்வெளியைச் சேர்ந்த கமக்காரர் தம் கமக்காரர் அமைப்பின் மூலம் வேலைகளை ஒரே பட்டியலாக்கி, அறுவடைக்கு முன்னரே வாடகைக்காரருடன் நாளும் கூலியும் பேசி எழுத்தில் ஒப்பந்தஞ் செய்யலாம். சங்கிலித் தடத்தில் ஊரும் இயந்திரத்தைத் தாழ்தள லொறியில் ஏற்றிக் கொணரல் வேண்டும். பத்து வீட்டார் சேர்ந்தால் அவ்வேற்றுக்கூலி பத்தாகப் பிரியும். தெல்தோட்டை, கலஹா போன்ற பகுதிகளின் ஒடுங்கிய பாதைகளிலும் சிறு பாலங்களிலும் பார லொறி செல்லுமா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளல் அவசியம்.

மலைநிலத்துக்கு ஏற்றது எது?

பெரிய இயந்திரம் பெரிய வேலைக்கே உரியது. 1949 இல் தொடங்கப்பட்ட கல்லோயாத் திட்டத்திலும், பின்னர் விக்டோரியா அணைக்கட்டு வேலையிலும் பார இயந்திரங்கள் பெரும்பயன் தந்தன. ஆயின், கண்டிச் சீமையின் படிக்கட்டு வயல்களோ பல தலைமுறையாகக் கையால் அமைக்கப்பட்டவை. அவற்றின் அடியில், சேறடித்தலாலும் உழுதலாலும் இறுகிய ஒரு மண்படை உண்டு. வயலில் நீரைத் தேக்கி நிறுத்துவது அதுவே. ஏழெட்டுத் தொன் எடையுள்ள சக்கர பெக்கோ ஈர வயலில் இறங்கினால் அப்படை உடையும். சங்கிலித் தட இயந்திரம் பாரத்தைப் பரப்பி நிற்குமெனினும், திரும்புமிடத்தில் மண்ணைக் கிழிக்கும். படை உடைந்த வயலில் நீர் கீழிறங்கி வடியும். அதனை மீள இறுக்கப் பல போகங்கள் செல்லும். ஆதலால் மூன்று தொன் அளவிலான சிறு இயந்திரத்தை, நிலம் உலர்ந்தபின், வரம்போரம் நிறுத்தி வேலை வாங்குவதே விரும்பத்தக்கது.

மரக்கறித் தோட்டத்திலோ மேல்மண்ணே செல்வம். தளம் வெட்டும்போது முதலில் மேல்மண்ணை வழித்து ஒரு பக்கம் குவித்து, வேலை முடிந்தபின் அதனைத் திரும்பப் பரப்புதல் வேண்டும். அடிமண்ணை மேலே போட்டுவிட்டு உரத்தால் ஈடுசெய்யலாம் என்பது வீணெண்ணம்.

எல்லாவற்றினும் பெரிது உயிர்ச்சேதம். சரிவின் அடிவாரத்தை வெட்டுவது மேலேயுள்ள மண்ணின் தாங்குகாலை அகற்றுவதாகும். வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பிற் குவித்தலும், நீர்வழியை அடைத்தலும் அவ்வாறே கேடு தருவன. மழைநீர் மண்ணுள் ஊறி நிறைய, மண் தன் பிடிப்பை இழந்து நழுவுகின்றது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவை கண்ட இடத்தில் இயந்திரத்தை இயக்குதல் ஆகாது. சொந்த இயந்திரம் கையிலிருந்தால் ‘இன்னுஞ் சற்று வெட்டலாம்’ என்னும் ஆசை மிகும். அதன் பயனை அனுபவிப்பவர் கீழ்ச்சரிவில் உறங்கும் அயலவராகவும் இருக்கலாம்.

மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளுட் பல இயந்திரமின்றியே ஆகக்கூடியவை. ‘ஏ’ வடிவச் சட்டத்தால் சமவுயரக் கோடு குறித்து, அக்கோட்டில் கல் அணை கட்டலாம். கிளிரிசிடியாவை இரட்டை வரிசையாக நட்டு வேலியாக்கலாம். வெட்டிய தழை பாத்திக்கு உரமுமாகும்.

சட்டம் கூறுவது

இயந்திரம் தம்முடையது, நிலமும் தம்முடையது என்பதால் எதனையும் வெட்டலாமென எண்ணுதல் தவறு. 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1996 ஆம் ஆண்டுத் திருத்தமும் நிலச்சீரழிவைத் தடுக்கும் கடப்பாட்டை நிலவுடைமையாளர்மீது சுமத்த இடமளிக்கின்றன. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, நெற்காணியை நிரப்புதற்கோ அதன் மண்ணை அகற்றுதற்கோ கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வெட்டிய மண்ணை விற்பனைக்குக் கொண்டுசெல்வதாயின் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுள் கண்டியும் ஒன்றாகையால், கட்டடம் அமைக்கத் தளம் வெட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெறல் வேண்டும். வயலில் படிந்த மணலை அகற்றும் வேலையாயினும், முதலிற் கமநல சேவை நிலையத்திற் கேட்டறிதல் பின்னர் வரும் வில்லங்கத்தைத் தவிர்க்கும்.

வாங்கவே தீர்மானித்தோர் கவனிக்க வேண்டியவை

கணக்குப் பார்த்துக் கூட்டாக வாங்க முடிவு செய்தோர், தரகர் சொல்லையும் புதிய வர்ணப்பூச்சையும் நம்பாது, அநுபவமுள்ள இயந்திரத் தொழிலாளி ஒருவரைக் கூலி கொடுத்தேனும் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்த்தல் முக்கியம். முன்னரே சூடாக்கி வைத்திருப்பின் ஐயத்துக்கு இடமுண்டு. தொடர்ந்து நீலப்புகை வரின் என்ஜின் எண்ணெய் எரிகின்றது. சூடான பின்பும் வெண்புகை நீடிப்பின் குளிர்நீர் உள்ளே கசிவதாக இருக்கலாம். கரும்புகை எரிபொருள் முற்றாக எரியாமையைக் காட்டும். கையை நீட்டி வாளியை உயர்த்திச் சில நிமிடம் விட்டுப் பார்த்தால், அது தானே கீழிறங்குமாயின் ஐதரோலிக் உருளைகளிலோ வால்வுகளிலோ கசிவுண்டு. கை, வாளி மூட்டுகளின் ஊசியும் புஷ்ஷும் ஆடுகின்றனவா, சுழலும் மேற்பகுதியில் தளர்ச்சி உண்டா எனவும் பார்த்தல் வேண்டும். சங்கிலி, உருளை, பற்சக்கரம் ஆகியவற்றை மாற்றுவது பெருஞ்செலவாதலால், கூர்மையாகத் தேய்ந்த பல்லுடைய சக்கரம் விலையைப் பெரிதுங் குறைக்கக் காரணமாகும்.

மணிமானியை மட்டும் நம்புதல் கூடாது. நாளொன்றுக்கு 8 மணியாக ஆண்டில் 250 நாள் உழைத்த இயந்திரம் 2,000 மணி காட்டும். பத்தாண்டு உழைத்ததாகக் கூறப்படுவது 4,000 மணியே காட்டின், மிதிகட்டைகளும் நெம்புகோல்களும் தேய்ந்திருக்கும் அளவு உண்மையைச் சொல்லும். சட்டகத்தின் தொடர் இலக்கம் பத்திரங்களோடு ஒத்திருத்தல், லீசிங் கடன் தீர்ந்திருத்தல், உதிரிப்பாகம் கண்டி நகரிலோ கொழும்பிலோ கிடைத்தல் ஆகியனவும் உறுதி செய்யப்படல் வேண்டும்.

கூட்டாக வாங்குவோர் யார் முதலிற் பயன்படுத்துவது, பழுதானால் யார் செலவழிப்பது, விலகுவோருக்குப் பங்கு எவ்வாறு திரும்புவது என்பவற்றை வாங்குமுன்னரே எழுதி ஒப்பமிடல் நன்று. பணத்தால் முறிந்த உறவைச் சீர்செய்ய எந்த இயந்திரமும் உதவாது.

இயந்திரம் கமத்துக்குப் பகையன்று. தக்க இடத்தில், தக்க வேளையில், தக்க கையில் அது பெருந்துணை. எனினும் கமக்காரனின் முதல் மூலதனம் அவன் நிலமும் கடன்படாத நிம்மதியுமே. இவ்விரண்டையும் ஈடுவைத்து இரும்பை வாங்குமுன், ஒரு தாளில் மணிக்கணக்கை எழுதிப் பார்த்து, பிரதேசப் போதனாசிரியரையும் கலந்து முடிவு செய்யும் கமக்காரர் ஏமாற இடமில்லை.