வாக்கி டாக்கி அப்புறம் வாங்கலாம், முதல்ல கம்பத்தை நடுங்க

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம்ம உழவர் குழுக்களில் ஒரு பேச்சு தலைகாட்டும். "போன் செத்துப்போச்சுன்னா என்ன பண்றது? ஆளுக்கொரு வாக்கி டாக்கி வாங்கி வச்சுக்கிட்டா என்ன?" பேச்சு நல்ல பேச்சுதான். அது போய் முடியுற இடம்தான் எனக்கு உடன்பாடில்லை. யாராவது ஒருத்தர் இணையக் கடையில் "அஞ்சு வாட், பத்து கிலோமீட்டர் எட்டும்" என்று போட்டிருக்கிற செட்டைக் காட்டுவார். குழுப் பணத்தில் நாலு செட் வரும். வரப்பு தாண்டி நாலு தோப்பு போனதும் கரகரன்னு சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் அது பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்.

தேவை இல்லாத பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்க கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினா தண்ணி நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புக்கு. இப்போ அந்த வழி நெடுக வீடு. 2015 டிசம்பர் 1, 2-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டினபோது முதலில் கரண்டு போச்சு, பின்னாடியே செல்போனும் போச்சு. எங்களுக்குப் பாலும் காய்கறியும் தருகிற செங்கல்பட்டுப் பக்கத்து உழவர்களின் மாடு பிழைச்சதா, அவங்களே பத்திரமா இருக்காங்களா என்று இங்கே உள்ள நுகர்வோர் யாருக்கும் தெரியவில்லை. 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ டெல்டாவுக்கும் இதே கதி. தென்னையும் மின்கம்பமும் ஒண்ணா விழுந்து கிடந்தன. யாருக்கு என்ன வேணும் என்று கேட்கவே ஆள் நேரில் போக வேண்டியிருந்தது.

செட்டில் எத்தனை வாட் என்பது யூரியா மாதிரி. ஆண்டெனா மண் மாதிரி. மண்ணைக் கவனிக்காமல் மூட்டை மூட்டையா யூரியா கொட்டினா என்ன ஆகும் என்று இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாட்டைக் கூட்டினால் நாம சத்தமாகக் கத்தலாம், அவ்வளவுதான். எதிராளி சொல்றது நமக்குக் கூடுதலாகக் கேட்காது. நல்ல ஆண்டெனா வாயும் ஆகும், காதும் ஆகும்.

வாக்கி டாக்கி அலை ஏறக்குறைய கண் பார்வை மாதிரி நேராகப் போகும். எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆண்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கோ, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். கையில் பிடிச்ச செட் ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். மொட்டை மாடியில் 9 மீட்டர் உயரத்தில் வச்சா 12. இரண்டு பக்கமும் 9 மீட்டர் என்றால் இரண்டையும் கூட்டிக்கணும், 24. இது வெட்டவெளிக் கணக்கு. ரேடியல் சாலையோரம் நிற்கிற அடுக்குமாடிகளும் பல்லாவரம் மலையும் அதில் பாதியைத் தின்னுடும். அஞ்சு வாட்டைப் பத்து வாட்டாக்கினாலும் இந்த எல்லை நகராது. கம்பம் உயர்ந்தால்தான் நகரும்.

சட்டத்தையும் பார்த்துக்குவோம். நம்ம நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சின்ன செட்டுக்கு உரிமம் வேண்டாம். ஆனா அது ஆண்டெனா செட்டோடேயே ஒட்டின சாமான், தோப்புக்குள் பேச உதவும், அதுக்கு மேல் இல்லை. இணையத்தில் கிடைக்கிற மற்ற பல செட்டுகளுக்கு உரிமம் வேணும். உரிமம் பற்றிச் சொல்லாமல் விற்றதற்காக 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸே அனுப்பியது. வெளியில் கம்பம் நட்டு ஆண்டெனா கட்டிப் பேச நமக்கு உள்ள நேரான வழி ஹாம் வானொலி உரிமம்தான். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பரீட்சை வைக்குது. பன்னிரண்டு வயசு நிறைந்த பிள்ளைகளும் எழுதலாம். ஒரு நிபந்தனை: அதில் வியாபாரம் பேசக்கூடாது. தக்காளி விலையும் ஆர்டரும் போனோடு நிற்கட்டும்.

பக்கத்து ஊர்களோடு பேச 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். அதுக்கு ஆண்டெனா கடையில் வாங்கணும் என்று கட்டாயமில்லை. 49 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி ஒன்று நிமிர்ந்து நிற்கணும், அதே அளவில் நாலு கம்பி குடைக்கம்பி மாதிரி கீழே சரிந்து நிற்கணும், நடுவில் ஒரு சாக்கெட். நாலு திசையிலும் சமமாகப் பேசும். ஒரே திசையில் ஒரே ஊரோடுதான் பேசணும் என்றால் பல குச்சி வச்ச யாகி நல்லது, பழைய டிவி ஆண்டெனா மாதிரி இருக்குமே, அதுதான். ஆனா காத்துக்கு அது திரும்பிக்கும். புயல் நேரத்தில் மாடி ஏறித் திருப்பிக்கிட்டு இருக்க முடியாது. நான் குடைக்கம்பிக் கட்சி.

அதிகப் பேர் ஏமாறுவது கேபிளில். ஆண்டெனாவுக்குக் காசு செலவழிச்சுட்டு, மெல்லிசான ஆர்ஜி-58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால் அஞ்சு வாட்டில் ஒண்ணே கால் வாட்தான் மேலே போய்ச் சேரும், மீதி கேபிளிலேயே சூடாகித் தீர்ந்துடும். விளிம்பு உடைஞ்ச வாய்க்காலில் தண்ணி பாய்ச்சுற மாதிரிதான். தடிமனான ஆர்ஜி-213 போட்டால் பாதிக்கு மேல் தேறும். அதைவிட நல்லது, செட்டை மாடிப்படிக்குப் பக்கத்தில் வச்சு கேபிள் நீளத்தையே குறைப்பது. இணைப்பில் தண்ணி இறங்கினா ஒரே மழைக்காலத்தில் கேபிள் கறுத்துப்போகும், அதனால் ரப்பர் டேப்பை இறுக்கிச் சுத்தணும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டால் தண்ணி அங்கேயே சொட்டிடும். எங்க பக்கம் கடல் காத்து வேறு, கிளாம்பு எல்லாம் எவர்சில்வராக இருந்தால் நாலு வருஷம் தாங்கும்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் கம்பம் வேண்டவே வேண்டாம். சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் நடணும், அதாவது கம்பத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு. மூணு பக்கம் ஸ்டே கம்பி கட்டணும். கரி, உப்பு போட்டு எர்த் குழி எடுத்து, கம்பத்தையும் வீட்டு எர்த்தையும் சேர்த்து இணைக்கணும். இடி இடிக்க ஆரம்பிச்சதும் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுடணும், அந்த நேரத்தில் பேச்சு கிடையாது. விமான நிலையம் பக்கத்தில் இருக்கிற எங்களைப் போன்ற ஊர்க்காரங்களுக்கு உயரக் கட்டுப்பாடும் உண்டு. பந்தல் போட்டிருக்கிறவங்க கோவைக்கொடி கம்பத்தில் ஏறாமல் பார்த்துக்குங்க, ஈரத்தழை அலையைக் குடிக்கும்.

இதெல்லாம் பக்கத்து ஊருக்கு. கீழ்க்கட்டளையிலிருந்து வேதாரண்யத்தோடு எப்படிப் பேசுறது? இதுக்குத்தான் உழவர்களிடம் ஏற்கெனவே எல்லாமே இருக்கு என்று நான் அடிச்சுச் சொல்வேன். 7 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்துக்குப் போய், மேல் அடுக்கில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். அதுக்குக் கம்பமே வேண்டாம். வீட்டு ஒயரிங் வயரைப் பக்கத்துக்குப் பத்து மீட்டர், ஆக மொத்தம் இருபது மீட்டர் வெட்டி, நடுவில் கேபிளைக் கோத்து, இரண்டு மரத்துக்கு இடையில் கட்டினால் ஆண்டெனா ரெடி. டைபோல் என்பாங்க. ஆறேழு மீட்டர் உயரம் போதும். தாழ்வாக இருந்தால்தான் அலை செங்குத்தாக மேலே போய் முந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில் மழை மாதிரி இறங்கும். மலை, கட்டடம் எதுவும் மறைக்காது.

மரம் ஆடும், வயர் அறுந்துடும் என்பாங்க. ஒரு முனையை மரத்தில் கட்டுங்க. மறு முனையை நைலான் கயிற்றில் இணைத்து, சின்ன ராட்டினம் வழியாக விட்டு, கயிற்றின் நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்க. மரம் ஆடும்போது கல் ஏறி இறங்கும், வயருக்கு ஒண்ணும் ஆகாது. வயரைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி, மீட்டர் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கணும். பகலில் இது நல்லா வேலை செய்யும். இரவில் பக்கத்து மாவட்டமே கேட்காமல் போகலாம், அப்போ 3.5-க்கு இறங்கணும், வயரும் இரட்டிப்பு நீளம் வேணும். மின்சாரத்துக்குச் சூரிய மின்வேலிக்கு வச்சிருக்கிற 12 வோல்ட் பேட்டரியே ஆகும். பேசும்போது வேலியை நிறுத்திடுங்க, இல்லேன்னா டிக் டிக் என்று காதைத் துளைக்கும்.

செட்தான் விலை, உண்மை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003-இல் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட்டின் வரைபடம் எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. நாம விதை பகிர்கிற மாதிரி உலகம் முழுக்கப் பல பேர் அதைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டாங்க. சாலிடரிங் தெரிஞ்ச பையன் குழுவில் ஒருத்தன் இருந்தால் போதும்.

"விவசாயிக்கு எதுக்குங்க பரீட்சை, போன் கம்பெனிக்காரன் டவரைச் சரி பண்ணமாட்டானா?" என்று கேட்கிறவங்க உண்டு. பண்ணுவான், அவன் டீசல் வந்த பிறகு. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் போனும் கரண்டும் போனபோது, வானொலிப் பொழுதுபோக்குக்காக அங்கே போயிருந்த பாரதி பிரசாத் கையில் செட்டும் வெளியில் கட்டின ஆண்டெனாவும் தயாராக இருந்தன. அதனால்தான் அந்தமான் செய்தி வெளியே வந்தது, குடும்பங்களுக்குத் தகவல் போனது. அலை வந்த பிறகு போய்க் கட்டியிருக்க முடியாது.

எல்லாரும் பரீட்சை எழுத வேண்டாம். ஒரு குழுவுக்கு ஒருத்தர் போதும், ஒரு மாவட்டத்துக்கு அஞ்சாறு டைபோல் போதும். குழுப் பணத்தை நாலு செட்டில் முடக்கவேண்டாம், ஒரு ஆளின் பரீட்சையிலும் ஒரு ஆண்டெனாவிலும் போடுங்க. அடுத்த மாசக் கூட்டத்துக்கு 25 மீட்டர் வயர், நாலு துண்டு பிவிசி பைப், நைலான் கயிறு, ஒரு ராட்டினம் நான் கொண்டுவரேன். கல் அங்கேயே கிடக்கும். இருபது மீட்டர் இடைவெளியில் நிற்கிற இரண்டு மரத்தை மட்டும் யாராவது பார்த்து வச்சிருங்க, மாமரமானாலும் சரி, வேம்பானாலும் சரி.