உள்ளூர் வோட்கா: தரத்தை முடிவு செய்வது எது?

‘மூன்று முறை வடித்தது’, ‘ஐந்து முறை வடித்தது’ என்று வோட்கா பாட்டில்களில் போட்டிருக்கும். எண்ணிக்கை கூடினால் தரமும் கூடுமா? அப்படிச் சொல்லிவிட முடியாது.

எதிலிருந்து வருகிறது?

இந்திய வோட்காவின் அடிப்படை ஈ.என்.ஏ எனப்படும் எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்தோ, அரிசி, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்தோ இதை எடுக்கிறார்கள். பல கம்பெனிகள் இதை வெளியே வாங்கி, தண்ணீர் கலந்து, வழக்கமான 42.8 சதவீதத்துக்குக் கொண்டுவந்து பாட்டிலில் அடைக்கின்றன.

அப்போ தரம் எங்கே?

ஈ.என்.ஏ-வில் ஆல்கஹால் சுமார் 96 சதவீதம். இது வடிவது உயரமான கோபுரக் கலன்களில். ஒரே கோபுரத்துக்குள் ஆவியாவதும் குளிர்வதும் பல முறை நடந்துவிடும். அதனால் ‘எத்தனை முறை’ என்பது பெரும்பாலும் விளம்பரம்தான். எளிதில் ஆவியாகும் மெத்தனாலையும், கனமான ஃபியூசல் எண்ணெயையும் எவ்வளவு கவனமாகப் பிரித்தார்கள், சேர்த்த தண்ணீர் எவ்வளவு சுத்தம் என்பதுதான் விஷயம்.

லேபிள் சொல்லுமா?

தானியமோ உருளைக்கிழங்கோ அல்லாத வேறொன்றில் செய்தால், அதை லேபிளில் சொல்லியாகணும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. இங்கே ‘கிரெயின்’ என்று போட்டிருந்தால் தானியம். எதுவும் இல்லையென்றால் வாங்குபவர் ஊகிக்கத்தான் வேண்டும்.

குடித்துப் பார்த்தால் தெரியாதா?

மூலப்பொருள் வேண்டுமானால் சிலருக்குப் பிடிபடலாம், மெத்தனால் பிடிபடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதைக் கண்டுபிடிப்பது ஆய்வகம்தான், நாக்கு அல்ல. உரிமம் இல்லாத சரக்கு அந்தச் சோதனைக்கே போவதில்லை.