விறகு வெளியே போகட்டும், லாரி உள்ளே வரவேண்டாம்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பாளையம்பட்டிப் பக்கம் ஜேசிபி சத்தமும் விறகு லாரி சத்தமும்தான். பத்து வருஷம் தரிசாய்க் கிடந்த மானாவாரிக் காடுகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். வியாபாரியின் ஆள் வந்து, "சார், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஒரு வாரத்துல காட்டைத் துடைச்சு வச்ச மாதிரி ஆக்கித் தர்றோம். கையில ஒரு தொகையும் வந்துரும்" என்பார். இயற்கை விவசாயம் செய்யலாம் என்று ஊர் திரும்பும் புது ஆட்கள் பலர் நின்ற இடத்திலேயே தலையாட்டிவிடுகிறார்கள். தலையாட்டக் கூடாது என்பது என் கட்சி. விறகை நாமே ஆள் வைத்து வெட்டி, ஒரு சின்ன டிராக்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட வேண்டும். வியாபாரி அங்கே வந்து ஏற்றிக்கொள்ளட்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கருவேலம் நின்ற இடத்து மேல்மண்ணை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். அது அவரைக் குடும்பத்து மரம், தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். வருஷக் கணக்கில் உதிர்ந்த இலையும் சேர்ந்து, மேலே ஒரு சாண் மண் நன்றாகவே இருக்கும். மரத்தை ஆயிரம் திட்டினாலும் இதை மறுக்க முடியாது. ஜேசிபி கொண்டு தூரைப் பிடுங்கும்போது அந்த மண் குழிக்குள் போய்விடுகிறது. அடியில் கிடந்த சுக்கான் மேலே வருகிறது. கரிசலில் சுக்கான் மேலே வந்த இடத்தில் குதிரைவாலி எப்படி முளைக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அடுத்தது எடை. ஆறு சக்கர லாரி பாரத்தோடு 16 டன்னைத் தாண்டும். 45 எச்.பி. டிராக்டரே இரண்டு டன் பக்கம் வரும். 15 எச்.பி. சின்ன டிராக்டர் ஏறக்குறைய 800 கிலோதான். அச்சு மேல் விழும் பாரம் கூடக் கூட, மண் இறுகுவது ஆழமாகப் போகும். கலப்பை எட்டாத ஆழத்தில் இறுகிய மண்ணை மறுபடி திறக்க உளிக்கலப்பையை வாடகைக்குப் பிடிக்கணும். மண்புழுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம், பிறகு அதே காட்டுக்குள் லாரியையும் விடுகிறோம்!

தூரோடு பிடுங்கினால்தான் மறுபடி தழையாது என்பார்கள். பாதி உண்மை. தரைமட்டத்தில் அறுத்தால் ஒன்றுக்குப் பத்தாகத் தழையும், அது சரி. ஆனால் தழைக்கிற மொட்டெல்லாம் தரைக்குக் கீழே சுமார் ஒரு அடிக்குள்தான் இருக்கிறது. சுற்றி மண்ணைப் பறித்து அதற்குக் கீழே வெட்டிவிட்டால், மிச்சமுள்ள ஆணிவேர் மண்ணுக்குள்ளேயே மக்கட்டும். கடப்பாரையும் கோடாரியும் போதும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டித் தென்மாவட்டமெங்கும் ஜேசிபி இறங்கியது நினைவிருக்கும். அப்போது சுத்தமான எத்தனையோ இடங்கள் இன்று பழையபடி முள்ளுக்காடுதான். பிடுங்கியதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்ததன் பலன்.

இனி டிராக்டர் கணக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன், இதைச் சொல்லாமல் விட மனசு வராது. டிராக்டர் கடன் மனு வந்தால், வண்டி ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரமாவது ஓடுமா என்றுதான் முதலில் பார்ப்போம். அப்போதுதான் தவணை கட்ட முடியும். மானாவாரிக் காட்டில் உழவு வேலை எத்தனை நாள்? ஆவணி, புரட்டாசியில் சில வாரம், பிறகு கொஞ்சம் பரம்படிப்பு, அவ்வளவுதான். மீதி மாதமெல்லாம் 45 எச்.பி. வண்டி வேப்ப மரத்தடியில் நிற்கும், வட்டி மட்டும் நிற்காது. கௌரவத்துக்காகப் பெரிய வண்டி எடுத்து, கடைசியில் வண்டியோடு நிலத்தையும் விற்றவர்களின் கோப்பு என் மேசையில் எத்தனையோ கிடந்திருக்கிறது. நம்ம பக்கம் சின்ன வண்டியே போதும். அதற்கும் கோடையில் வேலை வேண்டும். அந்த வேலைதான் விறகு.

"மாட்டு வண்டி இருக்கும்போது டிராக்டர் எதற்கு?" என்று நம் இயக்கத்திலேயே கேட்பார்கள். ஜோடி மாடு வைத்திருப்பவர் தாராளமாக வண்டி கட்டட்டும், அதைவிட நல்லது இல்லை. எங்கள் ஊரில் உழவு மாட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். இல்லாத மாட்டைப் பேசிக்கொண்டே ஜேசிபிக்குப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓட்டுகிற முறைக்கு வருவோம். வெட்டியவுடன் ஏற்றாதீர்கள். பச்சை விறகின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தண்ணீர்தான். டீசல் ஊற்றித் தண்ணீர் சுமப்பானேன்? மாசி, பங்குனியில் வெட்டி, ஒரு மாதம் வெயிலில் போட்டுவிட்டுச் சித்திரையில் ஏற்றினால் அதே டிரெய்லரில் கூடுதல் விறகு போகும். சித்திரையில் கரிசலும் காய்ந்து பாளம் வெடித்துக் கிடக்கும், பாரம் தாங்கும். கோடைமழை பெய்தால் வண்டியை எடுக்கக் கூடாது. நான்கு நாள் கழிந்தாலும் பரவாயில்லை, விறகு எங்கேயும் ஓடிப்போகாது. என் 15 எச்.பி. வண்டியில் நடைக்கு ஒரு டன்னுக்குள்தான் ஏற்றுகிறேன். ஏற்றி இறக்கி வர முக்கால் மணி நேரம், ஒரு லிட்டர் டீசலுக்குச் சற்றுக் கூடும். போகிற தடம் ஒன்றே ஒன்று, வரப்பை ஒட்டி. காடு முழுக்கச் சக்கரம் ஓடாது.

பெரிய தூரையோ முழு மரத்தையோ சங்கிலி போட்டு இழுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். சங்கிலியைப் பின்பக்கம் கீழே இருக்கும் டிராபாரில்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ, மேல்கை மாட்டும் இடத்திலோ மாட்டினால், தூர் அசையாமல் நிற்கும்போது வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கும். அப்படியே பின்னாடி கவிழ்ந்து ஓட்டுகிறவர் மேலே விழும். கிளட்சை மிதிக்க நேரமே கிடைக்காது. சின்ன வண்டிக்கு முன்பாரம் குறைவு, ஆகவே ஆபத்து அதிகம். கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் நம் ஓட்டுநர்களுக்கு உண்டு. டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் கிடையாது, பின்னாலிருந்து தள்ளும். முதல் கியரிலேயே இறங்கணும். சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் விறகுக் கட்டுமேல் ஏறி உட்கார்ந்து ஊருக்கு வருவது சாதாரணமாக நடக்கிறது. நான் ஏற்றுவதில்லை. "சார் மட்டும் சட்டம் பேசுறாரு" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூலி கொடுத்து வேலைக்கு அழைத்தவர்களைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதும் நம் பொறுப்புதான். அதற்கு ஒரு ஆட்டோவைப் பேசி விட்டிருக்கிறேன்.

முள்ளு. டயருக்கு இதுதான் எமன். தடத்தில் விழுந்த சிம்பையெல்லாம் காலையில் ஒருமுறை வாருகோலால் ஒதுக்கிவிட்டுத்தான் வண்டி ஏறணும். அப்படியும் ஒரு கோடைக்கு நாலஞ்சு பஞ்சர் நிச்சயம். இன்னொன்று, நெற்று பழுக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். பழுத்த நெற்றோடு கிளையை ஏற்றினால் போகிற வழியெல்லாம் விதைத்துக்கொண்டே போகிறீர்கள் என்று அர்த்தம். ஆடு தின்று புழுக்கையில் போடுகிற விதை வேறு, நன்றாகவே முளைக்கும். கிடை போடுகிறவர்களிடம் ஆடு எங்கே மேய்ந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வியாபாரிக்குத் தடி மட்டும் போதும். இந்த விறகின் சூட்டுக்காக வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு மர நிலக்கரி என்றே பேர் வைத்திருக்கிறார்கள். கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் நல்ல கிராக்கி. ஆனால் சத்து அதிகம் இருப்பது பட்டையிலும் சிம்பிலும் இலையிலும். அதைக் கொடுக்காதீர்கள். சிம்புகளை ஓர் ஆள் நீளக் குழியில் போட்டு மேலிருந்து எரித்து, கனலாகும் நேரத்தில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரி கிடைக்கும். அதை இடித்து அமுதக்கரைசலில் ஊறவைத்து எருவோடு காட்டுக்கே திருப்பிப் போடுகிறேன். வெட்டும்போது நாட்டுக் கருவேலத்தையும் குடைவேலத்தையும் விட்டுவிட ஆட்களிடம் முதலிலேயே சொல்லணும். ஜேசிபிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இருபது ஏக்கர், முப்பது வருஷத்துத் தூர் என்றால் சின்ன வண்டியால் ஆகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நம்மில் பலர் வைத்திருப்பது மூன்று, நான்கு ஏக்கர். வருஷத்துக்கு ஒன்றரை ஏக்கர் என்று மூன்று கோடையில் முடிக்கலாம். எல்லோரும் வண்டி வாங்கவும் வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து ஒன்று போதும். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகச் சிறு, குறு உழவர்களுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர்க்கும் 50 விழுக்காடு வரையும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையும், அரசு வைத்த உச்சவரம்புக்குள் மானியம் உண்டு. உழவன் செயலியில் பதிந்து வைக்கலாம். டிரெய்லருக்கு ஆகும் பணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டு வண்டிக்கடையில் காலை வையுங்கள்.

என் காட்டில் இந்த வருஷத்துத் துண்டு முடிந்தது. புரட்டாசியில் அதில் குதிரைவாலியும் ஊடே துவரையும் போடப் போகிறேன். விதைத்த பிறகு கார்த்திகை ஈரத்தில் கருவேலங்கன்று சாண் உயரம் வரும், அப்போது கையால் பிடுங்கினாலே வேரோடு வந்துவிடும். அதற்கு இப்போதே நான்கு பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.