பன்னிரண்டாம் வாய்ப்பாடு



சென்ற மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்துக் கடிதம் எழுதிய எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒன்றுமில்லை. அம்மா காலமாகிவிட்டார். வயது 82. பதினாறாம் நாள் காரியம் முடித்துச் சிவகாசியிலிருந்து திரும்பி, இந்த மேசையில் உட்கார்ந்து மூன்று நாட்களாகிறது. வேறு எதை எழுதத் தொடங்கினாலும் அம்மாவில்தான் வந்து நிற்கிறது.

தீபாவளி இதழில் துக்கத்தை எழுதலாமா என்று தயங்கினேன். பிறகு, எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. நம் வாசலில் கொளுத்தப் போகிற கம்பி மத்தாப்பும் புஸ்வாணமும் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வருபவை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 38 வருடம் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்த ஒருவரைத் தீபாவளிக்கு நினைக்காமல் வேறு எப்போது நினைப்பது?

1962இல் அம்மா வேலையில் சேர்ந்தார். சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு அறை, ஒரு வேப்பமரம். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் கம்பும் பருத்தியும். பெய்யாவிட்டால், அநேக வருடங்கள் பெய்யாது, தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து தொடங்கியது அது. விவசாயத்தைக் கெடுத்த அதே காய்ந்த வெயில் குச்சியையும் மருந்தையும் உலர்த்த உதவியது. பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்த எத்தனையோ குடும்பங்கள் அதனால்தான் சொந்த ஊரிலேயே இருந்தன. அம்மா இதை ஒருபோதும் மறந்து பேசியதில்லை.

முதல் நாள் வகுப்பைப் பற்றி அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். ஆறு வயதுப் பெண் ஒருத்தி. சிலேட்டில் ‘அ’ போடத் தெரியவில்லை. பலப்பத்தைப் பிடிக்கவே தெரியவில்லை. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். “பெட்டி ஒட்டுவேன் டீச்சர்.” எத்தனை ஒட்டுவாய்? “மூணு குரோஸ்.” மூணு குரோஸ் என்றால் எத்தனை பெட்டி? யோசிக்காமல் சொன்னாளாம்: “நானூத்தி முப்பத்திரெண்டு.”

ஒரு குரோஸ் 144. கூலி அந்தக் கணக்கில்தான். அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று, இரண்டு எழுதத் தெரியும் முன்பே பன்னிரண்டு பன்னிரண்டாக அடுக்கத் தெரிந்திருந்தது. அம்மா பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து கணக்கைத் தொடங்கினார். கூலிச் சீட்டில் எழுதியிருப்பதைத் தானே வாசித்துச் சரிபார்க்கும் அளவுக்குப் பிள்ளை வந்துவிட்டால், அதன் பிறகு தாய்க்கும் பள்ளிக்கூடத்தின் மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. அது பெரும்பாலும் தப்பியதில்லை.

ஆனால் பிள்ளைகள் வந்தால்தானே? விடியற்காலை மூன்று மணி, நான்கு மணிக்கெல்லாம் ஆபீஸ் வண்டி ஊர்ப் பொதுவிடமான மந்தைக்கு வந்துவிடும். ஏஜென்ட் தெருத்தெருவாகக் கதவைத் தட்டி எழுப்புவார். கண்ணைக் கசக்கிக்கொண்டு தூக்குச்சட்டியோடு வந்து ஏறுகிறவர்களில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். அதிகமும் பெண் பிள்ளைகள். கட்டை அடுக்க, லேபிள் ஒட்ட, பெட்டியில் குச்சி அடைக்க. திரும்ப இருட்டிவிடும்.

அம்மா அதற்கு முன்பே எழுந்து மந்தையில் போய் நிற்பார். கையில் அரிக்கேன் விளக்கு. வண்டியை மறிக்கமாட்டார், ஏஜென்ட்டோடு சண்டை போடமாட்டார். பிள்ளையை ஏற்றிவிட வருகிற தாயிடம் போய் நிற்பார், அவ்வளவுதான். “டீச்சரம்மா, அட்வான்ஸ் வாங்கித் தின்னாச்சு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க” என்பார்கள். அந்தக் கேள்விக்கு அம்மாவிடம் பதில் கிடையாது. “சரி தாயி, அனுப்பு. ராத்திரி வந்ததும் சாப்பாட்டைக் குடுத்து எங்க வீட்டு முற்றத்துக்கு அனுப்பிரு” என்பார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ கட்டுரைகள் வந்தன. அவற்றில் சில, பெற்றவர்களை ஈரமில்லாதவர்களாகக் காட்டின. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளையை வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டி கண்ணுக்கு மறையும்வரை மந்தையிலேயே நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு முற்றத்தில் ராத்திரி ஏழரைக்கு வகுப்பு தொடங்கும். பதினைந்து, இருபது பேர் வருவார்கள். பாதிப் பேர் பாயில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். அம்மா எழுப்பமாட்டார். விழித்திருக்கிறவர்களுக்குப் பாடம் நடக்கும். அப்பா அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். காலண்டர் அச்சில் கழிந்துபோன தாள்களைக் கேட்டு வாங்கிவந்து, வெட்டித் தைத்து நோட்டாக்கித் தருவார். ஒரு பக்கம் முருகனின் பாதி முகம், லட்சுமியின் ஒரு கை, மீனாட்சியின் கிளி. மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் கூட்டல், கழித்தல், திருக்குறள். சாமி படம் என்பதால் எந்தப் பிள்ளையும் அந்த நோட்டைக் காலில் படவிட்டதில்லை, ஒரு தாளைக் கிழித்ததும் இல்லை.

அந்த முற்றத்தின் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. பத்து வயதில் டைபாய்டு வந்து கிடந்தபோது, அம்மா கஞ்சியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு மந்தைக்குப் போனார். அந்தக் கோபம் வெகுகாலம் ஆறவில்லை. எனக்கும் ஒரு மகள் பிறந்த பிறகு ஒருநாள் கேட்டே விட்டேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “நீ எந்த வண்டியிலயும் ஏறிப் போயிர மாட்டேன்னு எனக்குத் தெரியும்டி.”

வகுப்பில் காமராஜர் கதை அடிக்கடி வரும். நாட்டுக்கு அவர் செய்ததை அம்மா கடைசியில்தான் சொல்வார். முதலில் விருதுநகரில் தகப்பனை இழந்த ஒரு சிறுவன். நகைகளை வைத்துக் குடும்பத்தைத் தாங்கிய அவன் தாய் சிவகாமி அம்மாள். வீட்டுக்கு வீடு சமையலுக்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்து, அந்தப் பிடியரிசியில் ஊரார் நடத்திய க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளி. அதிலும் தொடர்ந்து படிக்க முடியாமல் மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனான் அவன். இந்த இடத்தில் அம்மா நிறுத்திவிடுவார். முற்றத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அது அவர்கள் கதை. அந்தப் பையன் முதலமைச்சராகி மதிய உணவு கொடுத்த கதை அதற்குப் பிறகுதான் வரும்.

1982இல் சத்துணவு வந்தபோது பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினார்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நலநிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. அந்தச் செய்தி வந்த நாளிதழை அம்மா மடித்துப் பீரோவில் வைத்திருந்தார். ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது.

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் தொடர்ந்து தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறப்பு வகுப்புகள், மாதிரித் தேர்வுகள், பிள்ளைகளின் உழைப்பு என்று காரணம் எழுதினார்கள். எல்லாம் உண்மை. அதற்கு முந்தைய தலைமுறையில், பன்னிரண்டாம் வகுப்பையே கண்ணால் காணாத தாய்மார்களுக்குப் பெயர் எழுதக் கற்றுக்கொடுத்த தொடக்கப் பள்ளி டீச்சர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு செப்டம்பர் 5 அன்றும் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வருவார்கள். சால்வை, சாத்தூர் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. 2012 செப்டம்பர் 5 அன்றும் வந்திருந்தார்கள். அன்றுதான் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர், புகையைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களும். வந்திருந்தவர்களில் நான்கு பேர் போன் வந்ததும் அப்படியே எழுந்து ஓடினார்கள், உறவினர்களைத் தேடி. அதற்குப் பிறகு ஆசிரியர் தினத்தில் அம்மா சால்வை வாங்கிக்கொண்டதில்லை. வருகிறவர்களை உட்காரவைத்து, சாப்பாடு போட்டு அனுப்புவார்.

என் மகளுக்குக் கிடைத்தது வேறொரு அம்மா. எனக்குக் கிடைக்காத தலைவாரலும், மடியில் படுக்கவைத்துச் சொன்ன கதைகளும் அவளுக்குக் கிடைத்தன. “அம்மாச்சி, எல்லாரும் ரெண்டாம் வாய்ப்பாடுதானே முதல்ல சொல்லித் தருவாங்க, நீ ஏன் பன்னெண்டுல ஆரம்பிக்கிற?” என்று கேட்டாள் ஒருநாள். அம்மா அடுக்களையிலிருந்து தீப்பெட்டிகளை எடுத்துவந்து தரையில் வரிசையாக அடுக்கிக் காட்டினார். 2022இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அந்தப் பேத்திதான் செய்தியை வாசித்துக் காட்டினாள். “காலையிலயா? சுடச்சுடவா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, “வண்டி வர்ற நேரத்துல ஒரு இட்லி குடுக்க என்னால முடியலையே” என்றார்.

பதினாறாம் நாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். புடவைகளுக்கு அடியில் அப்பா தைத்த காலண்டர் நோட்டு ஒன்று. முற்றத்துக்கு வந்த பிள்ளைகளின் பெயர்கள், வருடவாரியாக. வேலைக்குப் போய் நின்றுவிட்ட பெயரைச் சுற்றி ஒரு வட்டம். திரும்பி வந்திருந்தால் வட்டத்துக்குப் பக்கத்தில் தேதி.

காரியத்துக்கு வந்திருந்த ஓர் அம்மாள், அறுபதைத் தாண்டியவர், நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். வட்டம் இருந்தது, தேதி இல்லை. விரலால் அந்த வட்டத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “இந்தத் தாளை மட்டும் எனக்குக் குடுப்பியாம்மா?” என்றார். கொடுக்கலாம் என்று தாளைத் திருப்பினேன். பின்னால் பாதி மீனாட்சி, கிளியோடு. இரண்டு பேருக்குமே கிழிக்கக் கை வரவில்லை.

நோட்டையே கொடுத்து அனுப்பினேன். வட்டம் போட்ட பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்து, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதி, கார்த்திகைக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்