'தொடரும்' போட்ட விளையாட்டு

தேவனின் 'துப்பறியும் சாம்பு' வாராவாரம் வந்து சிரிக்கவைத்ததல்லவா? வீடியோ கேமும் அப்படி வந்திருக்கிறது. அமெரிக்காவின் டெல்டேல் நிறுவனம், நாயும் முயலும் துப்பறிந்து லூட்டியடிக்கும் 'சாம் அண்ட் மேக்ஸ்' விளையாட்டை 2006 அக்டோபரிலிருந்து 2007 ஏப்ரல் வரை 6 பகுதிகளாக வெளியிட்டது. ஒரு பகுதியைச் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம், பிடித்தால் அடுத்தது.

ஆனால், 2018-ல் அதே நிறுவனம் நொடித்தபோது, 'தி வாக்கிங் டெட்' இறுதித் தொடர் 4 பகுதிகளில் இரண்டோடு நின்றது. மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியவர்கள் தவித்தார்கள். மிச்சத்தை ஸ்கைபவுண்ட் என்ற வேறு நிறுவனம்தான் முடித்துக்கொடுத்தது.

எங்கள் சுருளிப்பட்டியில் கொடியைப் பார்க்காமல் திராட்சைக்கு யாராவது முன்பணம் கொடுப்பார்களா? பிள்ளைகள் கேட்டால், எத்தனை பகுதி வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்!