எலும்பை எறியாதீர்கள், நண்பர்களே!

கடந்த ஆண்டு விடுமுறையில் அம்மாவை அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றேன். இரத்த அழுத்தத்தை அளந்த தாதி, மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வெளிச் சாப்பாடு அதிகமோ?" அம்மாவுக்கு லேசாகக் கோபம் வந்துவிட்டது. "இல்லைங்க, எங்க வீட்டுல தினமும் நான்தான் சமைக்கிறேன்" என்றார். தாதி சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டார்: "சமைக்கும்போது என்னென்ன போடுவீர்கள்?"

அம்மா சொல்லச் சொல்ல எனக்கே வியப்பாக இருந்தது. சூப்புக்கு இரண்டு சூப் கட்டி. மீ பிரட்டினால் கிச்சாப். இரசம் சப்பென்று இருந்தால் அதிலும் அரைக் கட்டி. சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு. இவ்வளவுக்கும் மேலாக, கைப்பிடி அளவு உப்பு. நாங்கள் வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிட்டோம். ஆனால் அந்தச் சாப்பாட்டின் சுவையில் பாதி, கடையில் வாங்கிய காகிதச் சுருளுக்குள் இருந்து வந்தது.

அன்றிலிருந்து என் மனத்தில் ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. 'வீட்டில் சமையுங்கள்' என்று மட்டும் இளைஞர்களிடம் சொல்வது போதாது. சுவையை நாமே உண்டாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் முதல் பாடம் எலும்புத் தண்ணீர். ஆங்கிலத்தில் ஸ்டாக் என்கிறார்களே, அதே சாறுதான்.

பாட்டியின் சட்டி

நான் பாடாங் செராய்க்காரன். ஆரம்பக் கல்வி தமிழ்ப்பள்ளியில், இடைநிலைக் கல்வி மலாய்மொழிப் பள்ளியில். பாட்டி இந்த வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போனால், வெயில் ஏறிய பிறகுதான் லயத்து வீட்டுக்குத் திரும்புவார்.

அந்த வாழ்க்கையில் இறைச்சி தினசரிப் பொருள் அல்ல. தோட்டத்துக் கோயில் பூசையில் கிடா வெட்டினால் கறியைக் கூறு போட்டுப் பிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் கூறில் கறி கொஞ்சம், எலும்பு நிறைய. கறி ஒரு வேளையில் முடிந்துவிடும். எலும்புதான் இரண்டு நாள் தாங்கும். ரப்பர்க் கட்டை நெருப்பில் சட்டியை ஏற்றி, மிளகு, சீரகம், தட்டிய இஞ்சி, சின்ன வெங்காயம் போட்டு, தீயைக் குறைத்துவிட்டு, பாட்டி மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுவாராம். அந்தத் தண்ணீரில் ஒரு நாள் இரசம், மறுநாள் பருப்பும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. கறி இல்லாத நாளில் அரிசி கழுவிய தண்ணீரே குழம்புக்கு அடி. பருப்பு வெந்த தண்ணீரே இரசத்துக்கு அடி.

"எலும்பத் தூக்கி வீசாதய்யா, அதுலதான் ருசியே இருக்கு" என்று இன்றும் சொல்வார். வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனம் அது. ஆனால் அந்தச் சிக்கனத்துக்குள் நல்ல சமையல் அறிவும் இருந்தது.

பிறகு காலம் மாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு, எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறினார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வருபவருக்கு, மூன்று மணி நேரம் சட்டியைக் காய்ச்ச நேரம் ஏது? அந்த இடைவெளியில்தான் சூப் கட்டி நுழைந்தது. அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சமைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குறை சொல்வதானால் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

சிக்கல் எங்கே?

இரசாயனம் என்றாலே விஷம் என்று பயமுறுத்துவது என் நோக்கமல்ல. 1908-இல் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய அறிஞர், கடற்பாசி காய்ச்சிய தண்ணீருக்கு ஏன் அவ்வளவு சுவை என்று ஆராய்ந்தார். அதில் இருந்த குளூட்டமேட்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். நாம் அஜினோமோட்டோ என்று அழைக்கும் பொருள் அப்படித்தான் பிறந்தது. தக்காளியிலும் காளானிலும் அதே குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது. கறியிலும் நெத்திலியிலும் இருக்கும் இனோசினேட் அதனோடு சேரும்போது சுவை பல மடங்கு கூடுகிறது. பாட்டி எலும்புச் சட்டியில் தக்காளி போட்டதும், சீனர்கள் நெத்திலித் தலையைக் காய்ச்சுவதும், மலாய்க்காரர்களின் சூப் தூலாங்கும் ஒரே உண்மையின் வெவ்வேறு முகங்கள்.

உண்மையான சிக்கல் உப்பு. பல சூப் கட்டிகளின் எடையில் ஏறத்தாழ பாதி உப்புதான். உறையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் முதல் பெயரே உப்பாக இருக்கும். ஒரு கட்டி 10 கிராம் என்று வையுங்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு கட்டி போட்டால், ஆளுக்கு 2.5 கிராம் உப்பு அதிலேயே போய்விடுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதாவது, ஒரே ஒரு வேளை சூப்பில் பாதி நாள் கணக்கு முடிந்துவிட்டது.

நம் நாட்டில் 2017, 2018 ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உண்பது தெரியவந்தது. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் பத்துப் பேரில் மூவருக்கு உயர் இரத்த அழுத்தம். இந்த எண்கள் எனக்குப் புள்ளிவிவரமாகத் தெரியவில்லை. அவற்றுள் ஒன்று என் அம்மா.

உடனடி மீக்கும் இதே கதைதான். 1958-இல் ஜப்பானில் மொமொஃபுக்கு அண்டோ அறிமுகப்படுத்திய முதல் உடனடி மீயின் சுவையே கோழிச் சாறு. அன்றும் இன்றும் அந்தப் பாக்கெட் விற்பது சாறு காய்ச்சும் நேரத்தை. அதற்கு நாம் உப்பில் விலை கொடுக்கிறோம். அடுத்த முறை பாக்கெட்டைத் திருப்பிச் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு. இந்தக் கணக்குக்கு எஸ்.பி.எம். தேவையில்லை.

செய்வது எப்படி?

சுகாதார நிலையத்தில் இருந்து வந்த வாரமே பாட்டியிடம் உட்கார்ந்தேன். "ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குய்யா?" என்று கேட்டாலும், அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சந்தையில் கோழிக்கடைக்காரரிடம் எலும்பு, கழுத்து, கால் கேளுங்கள். கறியை வெட்டிய பிறகு மிஞ்சுவது என்பதால் விலை மலிவு. 2023 நவம்பரில் கோழிக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, விலை ஏறினாலும் இறங்கினாலும் எலும்பு நம் கைக்கு எட்டும் பொருளாகவே இருக்கிறது.

ஒரு கிலோ எலும்பைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அழுக்கும் கவிச்சியும் போய்விடும். பிறகு இரண்டு லிட்டர் புதுத் தண்ணீர், ஒரு பெரிய வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, பத்து மிளகு, கொத்தமல்லித் தண்டு. கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். மேலே சின்னச் சின்னக் குமிழ் வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு கலந்து சாறு கலங்கிவிடும். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். பிரஷர் குக்கரில் முக்கால் மணி நேரம் போதும்.

மிக முக்கியமான விதி: உப்புப் போடாதீர்கள். சாறு அடிப்படைதான். உப்பு, கடைசியில் குழம்பாகவோ இரசமாகவோ ஆன பிறகு, நாக்கு கேட்கும் அளவுக்கு மட்டும்.

வடிகட்டி, அகலமான பாத்திரத்தில் ஊற்றி விரைவாக ஆறவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. நம் வெப்பத்தில் கிருமி பெருகுவதற்கு எலும்புச் சாறு மிக வசதியான இடம். குளிர்ந்ததும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் ஊற்றி உறைய வையுங்கள். சாறு குளிர்ந்தபின் ஜெல்லி போலத் தளதளத்தால் பயப்பட வேண்டாம். எலும்பையும் தோலையும் பிணைத்திருந்த கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகியிருக்கிறது. வாயில் அந்தக் கனத்தைத் தருவது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சினால் அம்மாவுக்கு வாரம் முழுவதும் கட்டியே தேவைப்படாது. திங்கள் இரசம். புதன் முருங்கைக்கீரை சூப். வெள்ளி சைவம். சனி, பருப்பும் உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் போட்ட டால்ச்சா. மழை நாளில் கோழிக்கஞ்சி. இவை எதுவும் புதிய பதார்த்தம் அல்ல. அடியில் இருக்கும் தண்ணீர் மட்டும் மாறியிருக்கிறது.

சைவர்கள் என்ன செய்வது? புரட்டாசியில் எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தது. பருப்புத் தண்ணீர், காய்ந்த காளான் ஊறிய தண்ணீர், தக்காளி, கேரட், கொத்தமல்லித் தண்டு ஆகியவற்றை அரை மணி நேரம் காய்ச்சினால் நல்ல சாறு கிடைக்கும்.

மிகையாகச் சொல்லவும் வேண்டாம்

எலும்புச் சாறு எல்லா நோயையும் தீர்க்கும் என்று சமூக ஊடகங்களில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். பாட்டிக்கும் "எலும்பு சூப் குடிச்சா எலும்பு கெட்டியாகும்" என்ற நம்பிக்கை உண்டு. உண்மையில் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் அதிகம் இறங்குவதில்லை. அதற்குப் பாலும் கீரையும் நெத்திலியும்தான் வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வாத நீர்க்கட்டு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். எலும்புச் சாறு மருந்தல்ல. உப்பைக் குறைத்தும் சாப்பாட்டைச் சுவையாக வைத்திருக்க உதவும் ஒரு வழி, அவ்வளவுதான். நோயாளியிடம் உப்பைக் குறை என்று சொல்வது எளிது. குறைத்த பிறகும் சோறு இறங்க வேண்டுமே!

விடுதியில் என்ன செய்வது?

பல்கலைக்கழக நண்பர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள் என்று தெரியும். நான் தங்கியிருக்கும் விடுதியில் அடுப்பு கிடையாது. ரைஸ் குக்கர் வைத்திருந்ததற்காக என் அறைத்தோழனுக்கு அபராதம் விழுந்தது. தீ விபத்துப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் சமைக்கத் தடை விதித்துவிட்டு, கீழே இருக்கும் கடையில் அடுக்கடுக்காக உடனடி மீ விற்றால் மாணவன் எதைச் சாப்பிடுவான்? மாதக் கடைசியில் பி.டி.பி.டி.என். பணம் தீர்ந்த பிறகு, வாரத்தில் நான்கு இரவு மீயே உணவாக வாழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நானே அவர்களில் ஒருவன்.

தடையை நீக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு விடுதிக் கட்டடத்திலும், பாதுகாப்பான மின் அடுப்பும் குளிர்பெட்டியும் உள்ள ஒரு பொதுச் சமையலறை வேண்டும். நம் இந்திய மாணவர் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் நடத்துகிறோம், நல்லதுதான். அதோடு ஒரு நாள் பெரிய சட்டியில் சாறு காய்ச்சி, நூறு பேருக்கு டால்ச்சா வைத்து, செய்முறையையும் கற்றுக்கொடுத்தால் என்ன? அடுத்த நாட்டில் வேலைக்குப் போனாலும் அந்தப் பாடம் கூடவே வரும்.

தம்பிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சமையல் அக்காவின் வேலை, அம்மாவின் வேலை என்று விட்டுவிட்டதன் விளைவுதான் எங்கள் வீட்டுச் சூப் கட்டி. ஷிப்ட் முடிந்து வரும் அம்மா ஒருவரே சுவை, சத்து, நேரம் மூன்றையும் சுமந்தார். அதில் நேரம் தோற்றது. பிறகு உடம்பும் தோற்றது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அடுப்பருகே இருக்க நம்மால் முடியும். பாடப் புத்தகத்தைக்கூட அங்கேயே வைத்துப் படிக்கலாம்.

இப்போது விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் முதல் வேலையாக உறைபெட்டியைத் திறந்து டப்பாக்களை எண்ணுகிறேன். குறைந்திருந்தால் சந்தைக்குப் போகிறேன். அம்மாவின் அழுத்தம் முழுமையாக இறங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர் மாத்திரை சாப்பிடுகிறார், தொடர்ந்து சாப்பிடுவார். ஆனால் சூப் கட்டி டப்பா எங்கள் அலமாரியில் இல்லை. சென்ற வாரம் இரசத்தை ஊற்றிக் குடித்துவிட்டு, "இதுல என்னப்பா போட்ட?" என்று அம்மா கேட்டார்.

"எலும்புதாம்மா" என்றேன். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார்.